வில்லோடு அரிசோனாவுக்கு வருகிறீர்களா? பரணை விற்றுவிட்டு வாருங்கள்

ஒஹையோவில் எட்டு வருஷம் வில் வேட்டை பழகிய கையோடு நான் ஃபீனிக்ஸ் பக்கம் சாண்ட்லருக்கு மாறினேன். லாரியில் ஏறிய சாமான்களில், மரத்தில் கட்டி மேலே உட்கார்ந்து மானுக்குக் காத்திருக்கும் பரண் ஒன்றும் இருந்தது. அலுமினியப் பரண், ஏணி தனி. இன்றைக்கும் அது கராஜ் சுவரில்தான் சாய்ந்து நிற்கிறது. வீட்டில் அதில் துணி காயப்போடுகிறார்கள். சொனோரன் பாலையில் மனுஷன் ஏறி உட்காரத் தோதான உயரம் சாகுவாரோ கள்ளிக்குத்தான் உண்டு. அதில் ஒருமுறை ஏறியவர் அப்புறம் ஒரு மாசத்துக்கு எதிலும் உட்கார முடியாது.

கிழக்கு மாநிலங்களிலோ நடுமேற்கிலோ வில் பிடித்துப் பழகி, வேலை மாற்றலில் அரிசோனாவுக்கு வரும் நம்மவர்களுக்காக இதை எழுதுகிறேன். வில் பிடிக்கச் சொல்லித்தரப் போவதில்லை. அங்கே கற்றதில் எதை மறக்கவேண்டும், இங்கே எதைப் புதிதாகப் பழகவேண்டும், அவ்வளவுதான். விசா பற்றிப் பலரும் கேட்பதால் ஒரு வார்த்தை: எச்1பி போன்ற விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்துக்கொள்ள கூட்டாட்சிச் சட்டத்தில் தடையும் அதற்கு விலக்கும் என்று ஒரு சிடுக்கு உண்டு. அந்தச் சட்டத்தின் கணக்கில் வில் துப்பாக்கி அல்ல.

முதல் ஆறு மாதம்

வீடு பிடித்து, டிரைவிங் லைசென்ஸ் மாற்றிவிட்டால் உள்ளூர்க்காரர் ஆகிவிட்டோம் என்று நினைப்போம். வேட்டை உரிமத்துக்கு அது போதாது. விண்ணப்பிக்கும் நாளுக்கு முன் தொடர்ந்து ஆறு மாதம் அரிசோனாவில் குடியிருந்திருக்க வேண்டும். வேறு மாநிலத்தில் உள்ளூர்க்காரர் சலுகை எதையும் அனுபவித்துக்கொண்டிருக்கக் கூடாது. அதுவரை நீங்கள் வெளியூர்க்காரர்.

பணத்தில் வித்தியாசம் பெரிது. வேட்டையும் மீன்பிடியும் சேர்ந்த உரிமம் உள்ளூர்க்காரருக்கு 57 டாலர், வெளியூர்க்காரருக்கு 160 என்று சமீப வருஷங்களில் இருந்தது. மான் டேக் (ஒரு மானை எய்ய வாங்கும் அனுமதிச் சீட்டு) உள்ளூர்க்காரருக்கு 45, வெளியூர்க்காரருக்கு 300. இந்த வித்தியாசத்தைப் பார்த்து நாலாவது மாசமே 'உள்ளூர்' என்று கட்டத்தில் டிக் அடிக்கிறவர்கள் உண்டு. செய்யாதீர்கள். மாட்டினால் இங்கே உரிமம் போவதோடு முடியாது. மாநிலங்களுக்கிடையில் வேட்டைக் குற்ற ஒப்பந்தம் ஒன்று இருக்கிறது. ஏறத்தாழ எல்லா மாநிலங்களும் அதில் சேர்ந்திருப்பதால் பழைய ஊரில் போய் வேட்டையாடவும் வழியிருக்காது.

அந்த ஆறு மாதத்தை மலையைப் பார்ப்பதில் செலவிடுங்கள். என் அபிப்பிராயத்தில் அது வீண்போகாத காலம். வில் கையில் இருந்தால் எதையாவது எய்யத் தோன்றும், ஊரைக் கவனிக்கத் தோன்றாது.

குலுக்கல், புள்ளி, கடை டேக்

இங்கே பெரிய விலங்குகள் பலவற்றுக்குக் குலுக்கலில்தான் டேக். மாநிலத்தின் விலங்கு மீன் துறை வருஷத்துக்கு மூன்று முறை குலுக்குகிறது. எல்க் என்ற பெரிய மானுக்கும், புரோங்ஹார்ன் என்ற மான்போன்ற விலங்குக்கும் பிப்ரவரித் தொடக்கத்தில் கெடு. இலையுதிர்கால மான், பிக்ஹார்ன் ஆடு போன்றவற்றுக்கு ஜூன் வாக்கில். வசந்தகால வேட்டைகளுக்கு, பன்றி மாதிரி இருக்கும் ஹவலீனா உட்பட, அக்டோபரில். சரியான தேதியை அந்தந்த வருஷத்து விதிநூலில் பார்த்து, போனில் அலாரம் வைத்துவிடுங்கள்.

கிடைக்காத ஒவ்வொரு முறைக்கும் ஒரு போனஸ் புள்ளி சேரும். உங்கள் விண்ணப்பத்துக்குக் கணினி ஒரு எண் போடுகிறது. புள்ளி ஒன்றுக்கு ஒரு எண் கூடுதலாகப் போடும். அதில் எது சிறியதோ அதுதான் உங்கள் எண்; குலுக்கலில் சிறிய எண் முந்தும். டேக்குகளில் 20 சதவீதத்தைப் புள்ளி அதிகம் உள்ளவர்களுக்கென்று முதலிலேயே எடுத்துவைத்து விடுகிறார்கள். அஞ்சு வருஷம் விடாமல் விண்ணப்பித்தால் விசுவாசப் புள்ளி ஒன்று. இங்கத்து வேட்டைக் கல்வி வகுப்பை நேரில் போய் முடித்தால் நிரந்தரமாக ஒரு புள்ளி. பெரியவர்களுக்கு அந்த வகுப்பு கட்டாயமில்லை, ஆனாலும் போய்விடுங்கள். புள்ளியைவிட அங்கே பக்கத்து நாற்காலியில் உட்காருகிற ஆள் முக்கியம். எனக்கு முதல் மலையைக் காட்டியவர் அங்கே கிடைத்தவர்தான்.

நல்ல யூனிட்டில் (வேட்டைக்காக மாநிலத்தைப் பிரித்த பகுதிகளில் ஒன்று) செப்டம்பர் மாத ஆண் எல்க் டேக் பல வருஷக் காத்திருப்பு. விண்ணப்பம் போட்டுக்கொண்டே இருங்கள், அதை நம்பி உட்காராதீர்கள்.

வில்லாளிக்கு அரிசோனாவின் பெரிய வரப்பிரசாதம் குலுக்கல் இல்லாமல் வாங்கக்கூடிய ஆண்மான் டேக். பொதுவாக ஆகஸ்ட் பின்பாதியில் தொடங்கி சில வாரம், பிறகு டிசம்பர் பின்பாதி, அப்புறம் ஜனவரி முழுவதும் என்று காலம் பிரிந்திருக்கும். ஆனால் பழைய ஆட்கள் சொல்லும் கதையை நம்பி வராதீர்கள், விதி மாறிவிட்டது. வெளியூர்க்காரர்களுக்கு எண்ணிக்கை வரம்பு வந்திருக்கிறது. எல்லா யூனிட்டிலும் இந்த டேக் செல்லாது. செல்லும் யூனிட்டிலும் இத்தனை மான் என்று ஒரு வரம்பு. அது நிரம்பினால் அடுத்து வரும் புதன்கிழமை சூரியன் மறைவோடு யூனிட்டை மூடிவிடுவார்கள். ஆகவே மான் விழுந்தால் துறைக்குக் கெடுவுக்குள் தெரிவிப்பது கட்டாயம். வெள்ளிக்கிழமை கிளம்புமுன் உங்கள் யூனிட் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒருவருக்கு ஒரு காலண்டர் வருஷத்துக்கு ஒரு மான்தான். ஜனவரியில் எய்துவிட்டால் அந்த வருஷம் டிசம்பரில் வில் மாடத்தில்தான்.

அங்கே பழக்கம், இங்கே குற்றம்

ஒஹையோவில் மக்காச்சோளம் கொட்டி, மரத்துக்கு மரம் கேமரா கட்டி, பரணில் உட்கார்ந்து பழகியவர்கள் நாம். இங்கே பெரிய விலங்குக்குத் தீனி போட்டு எய்வது கூடாது. 2022 ஜனவரி 1 முதல் வேட்டைக்கு உதவியாக டிரெயில் கேமரா வைப்பதும் கூடாது. பாலையில் தண்ணீர் இருக்கும் இடம் கொஞ்சம். அந்தக் கொஞ்ச இடத்திலும் பத்துப் பதினைந்து கேமரா கட்டினால் மானுக்கு ஒளிய இடமேது? எனக்கு இந்தத் தடை பிடித்திருக்கிறது. பிடிக்காதவர்களும் நிறையப் பேர்.

வில் மட்டும் காலத்தில் கிராஸ்போ (துப்பாக்கி மாதிரி விசை வைத்த குறுக்குவில்) தூக்கிவர முடியாது. உடல் குறைபாட்டுக்கான தனி அனுமதி இருந்தால்தான். மானுக்கு வில்லின் இழுவிசை குறைந்தது 30 பவுண்டு, அம்பு முனையின் அகலம் குறைந்தது 7/8 அங்குலம். கப்பி வைத்த வழக்கமான காம்பவுண்ட் வில் வைத்திருப்பவருக்கு இது பொருட்டே இல்லை.

யார் நிலம்?

ஒஹையோவில் பண்ணைக்காரர் வீட்டுக் கதவைத் தட்டி அனுமதி கேட்டு அலைந்தவருக்கு இங்கே மூச்சு விட இடம் உண்டு. டோண்டோ, கொரொனாடோ, கைபாப் என்று தேசியக் காடுகள், அதற்கு அப்பால் மத்திய அரசின் பொது நிலம், மாநில அறக்கட்டளை நிலம் மட்டும் 92 லட்சம் ஏக்கர். அறக்கட்டளை நிலத்தில் உரிமத்தோடு வேட்டையில் இருப்பவர் நுழையலாம்; சும்மா சுற்றவோ கூடாரம் போடவோ தனி அனுமதிச் சீட்டு வாங்கவேண்டும்.

பூர்வகுடி நிலத்தில்தான் புதியவர்கள் தவறுகிறார்கள். 22 பழங்குடி அரசுகள். மாநிலப் பரப்பில் கால் பங்குக்கும் சற்று மேல் அவர்களுடையது. அங்கே மாநில உரிமம் வெறும் காகிதம். அவர்களிடம் அனுமதி வாங்கவேண்டும், சில இடத்தில் வெளியாருக்கு அனுமதியே கிடையாது. வேலி இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். நில உரிமையை நிறம் போட்டுக் காட்டும் ஆன்எக்ஸ் மாதிரி ஒரு செயலியை வாங்கி, வீட்டிலேயே வரைபடத்தை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். மலைக்குள் சிக்னல் கிடைக்காது. மாட்டுப் பண்ணை கேட்டைத் திறந்திருந்தால் திறந்தபடி, மூடியிருந்தால் மூடியபடி விட்டுப் போவது எழுதாத சட்டம்.

வில்லுக்கும் வெயில் அடிக்கும்

2023 கோடையில் ஃபீனிக்ஸ் விமான நிலையத்தில் தொடர்ந்து 31 நாள் 110 ஃபாரன்ஹீட், அதாவது 43 செல்சியஸை எட்டியது. அந்த வெயிலில் நிறுத்திய காருக்குள் என்ன சூடு இருக்கும்? வேலை முடிந்து அப்படியே பயிற்சிக்குப் போகலாம் என்று முதல் ஜூலையில் வில்லையும் அம்பையும் டிக்கியில் போட்டு வைத்தேன். சாயங்காலம் நாலு அம்பு எய்தேன். பிடுங்கப் போனால் அம்பின் தண்டு மட்டும் வழுக்கிக்கொண்டு கையோடு வருகிறது; முனை இலக்கிலேயே நிற்கிறது. நான் முனையை ஒட்டியிருந்தது சூட்டில் உருகும் பசை. நாலில் மூன்று அப்படி. ஒரு மானின் மேல் அது நடந்திருந்தால் என்று நினைத்துப் பார்த்தேன்.

ஆகவே வருமுன்னோ வந்ததுமோ முனைகளை எபாக்சியில் ஒட்டுங்கள். வில் வீட்டுக்குள் இருக்கட்டும். நாண் சூட்டில் நீளும். நீண்டால் குறி பார்க்க நாணில் கட்டியிருக்கும் பீப் வளையம் திரும்பி, இழுத்துப் பிடித்தால் ஓட்டை கண்ணுக்கு நேராக வராது. முதல் கோடை முடிந்ததும் நாணையும் கேபிளையும் ஒருமுறை கடையில் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். வறட்சிக்கு நாண் மெழுகு சீக்கிரம் போய்விடும். பயிற்சிக்கு ஃபீனிக்ஸ் வடக்கே விலங்கு மீன் துறையே நடத்தும் பென் ஏவரி மைதானம் இருக்கிறது, வில்லுக்குத் தனிப் பகுதியோடு. கோடையில் விடியலில் போனால்தான் உண்டு.

கண்ணால் நடங்கள்

இந்த ஊர் வேட்டையின் உயிர் இந்தப் பகுதிதான்.

நடுமேற்கில் மான் வரும் வழியைக் கணித்து அங்கே காத்திருப்போம். இங்கே மானுக்கு வழி என்று ஒன்றில்லை, மலை முழுக்க வழிதான். நடந்து தேடினால் நீங்கள் பார்க்குமுன் அது பார்த்துவிடும். எனவே உயரமாக ஒரு இடத்தில் உட்கார்ந்து, எதிர்ச் சரிவைப் பைனாகுலரால் அலசவேண்டும். பைனாகுலரைக் கையில் பிடித்துப் பார்ப்பது போதாது. முக்காலியில் பொருத்துங்கள். இந்தப் பழக்கத்தையே அரிசோனாக்காரர்களின் அடையாளமாகச் சொல்வார்கள். 15x56 மாதிரிப் பெரிய கண்ணாடியை முக்காலியில் ஏற்றி மணிக்கணக்கில் உட்காருவார்கள். கையில் 10x42 இருந்தால் அதுவே ஆரம்பத்துக்குப் போதும். முக்காலிக்கான அடாப்டர் ஒன்று வாங்குங்கள். புது வில்லுக்குக் காசு சேர்த்து வைத்திருந்தால் அதைக் கண்ணாடியில் போடுங்கள் என்பேன். உட்கார ஒரு தடித்த மெத்தைத் துண்டும் வேண்டும். இடுப்பு வலித்தால் கண் பார்க்காது.

காலையில் வெயில் முதுகில் விழும்படி உட்காருங்கள். வயலில் வரப்பு பிடித்து நடப்பதுபோல் சரிவை இடமிருந்து வலம், ஒரு பட்டை கீழே இறங்கி வலமிருந்து இடம். ஒவ்வொரு கட்டத்திலும் கண்ணாடியை அசைக்காமல் கண்ணை மட்டும் ஓட்டுங்கள். முழு மானைத் தேடினால் கிடைக்காது. குறுக்கே ஒரு கோடு, கறுப்பாக ஒரு மூக்கு, முள்ளுக்கு நடுவே வெள்ளையாக ஏதோ.

டூசானுக்குத் தெற்கே என் முதல் ஜனவரி. ஒரே சரிவை மூன்று மணி நேரம் பார்த்துவிட்டேன். ஒகொடியோ புதர் ஒன்று, அதன் அடியில் நிழல், அவ்வளவுதான். எழுந்து போகலாம் என்று கண்ணாடியிலிருந்து முகத்தை எடுக்கும் நேரத்தில் புதரின் ஒரு குச்சி மட்டும் ஈயை விரட்டுவதுபோல் துடித்தது. குச்சி இல்லை, காது. அதை வைத்துப் பார்க்கப் பார்க்க கண், கழுத்து, கொம்பு என்று படம் ஒன்றன்பின் ஒன்றாகத் தெளிந்தது. இத்தனை நேரமும் அது அங்கேதான் படுத்திருந்தது.

அது கூஸ் மான், வெள்ளைவால் மானின் சின்ன வகை. எலியட் கூஸ் என்ற ராணுவ மருத்துவரின் பெயர். அவர் குடும்பம் 'கௌஸ்' என்று உச்சரித்தது, வேட்டைக்காரர்கள் யாரும் அதைச் சட்டை செய்வதில்லை. தென்கிழக்கில் பாலைக்கு நடுவே தீவு தீவாக எழும் சாண்டா ரீட்டா, வாச்சூகா, சிரிக்காவா மலைகள் இதன் வீடு. ஆண் மான் 45 கிலோ தாண்டுவது அபூர்வம். நடுப்பகலில் வடக்குச் சரிவின் நிழலில் படுக்கும். நிழல் நகர்ந்தால் எழுந்து இரண்டடி தள்ளிப் படுக்கும். பதினோரு மணிக்குச் சாப்பிடக் கிளம்புகிறவர் அந்த இரண்டடியைத் தவறவிடுவார். ஜனவரியில் இணைசேரும் காலம் என்பதால் ஆண் மான்கள் பகலிலும் பெண்மான் பின்னே சுற்றும். புதியவருக்கு அந்த மாசத்தைவிட நல்ல மாசம் இல்லை. தாழ்வான புதர்க்காட்டில் திரியும் மியூல் மான் என்ற இன்னொரு வகைக்கும் அதே காலம்தான்.

நெருங்குவது

கண்டதும் ஓடாதீர்கள். மான் படுக்கட்டும். படுத்த இடத்தை எதிர்ப்பக்கத்திலிருந்து அடையாளம் தெரியும்படி குறித்துக்கொள்ளுங்கள்: இரட்டைக் கை சாகுவாரோ, அதற்கு மேலே வெள்ளைப் பாறை. போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், அங்கே போய் நின்றால் எல்லாப் பாறையும் வெள்ளையாகத்தான் தெரியும்.

காற்று விடியலில் சரிவிறங்கும், வெயில் ஏறியதும் சரிவேறும். இரண்டும் மாறும் அந்த அரைமணி நேரம் சுழலும். அப்போது நகராமல் இருங்கள். காற்று நிலையாக மேலேறத் தொடங்கியபின், மேலிருந்து இறங்கி நெருங்குவது நல்லது. கடைசி நூறு கஜத்துக்குப் பூட்ஸைக் கழற்றிவிட்டுத் தடித்த சாக்ஸோடு போகிறவர்கள் அதிகம். நானும் அப்படித்தான், சோய்யா கள்ளி உதிர்ந்து கிடக்காத தரையாக இருந்தால்.

தூரக் கணிப்பில் இரண்டு ஏமாற்றம். பெரிய மானைப் பார்த்துப் பழகிய கண் சின்ன மானைத் தூரத்தில் இருப்பதாக நினைக்கும். அம்பு முதுகுக்கு மேல் போகும். பள்ளத்தாக்கின் சுத்தமான காற்றில் எதிர்ச் சரிவோ பக்கத்தில் இருப்பதுபோல் தெரியும். கண்ணை நம்பாமல் சரிவைக் கணக்கில் எடுக்கும் தூரமானியை நம்புங்கள். 30 பாகைச் சரிவில் கண்நேர்த் தூரம் 40 கஜம் என்றால் 35 கஜத்துக்குத்தான் குறி வைக்கவேண்டும்.

முதல் வருஷம் மானே வேண்டும் என்று அடம் பிடிக்காதீர்கள். ஜனவரியிலேயே வில்லுக்கு ஹவலீனா காலமும் உண்டு. அக்டோபர் குலுக்கலில் டேக் வாங்கலாம், மீதமானவையும் விற்பனைக்கு வரும். பார்க்கப் பன்றி மாதிரி, பன்றியில்லை, பெக்கரி என்ற தனிக் குடும்பம். கூட்டமாக நாகதாளிக் கள்ளியைத் தின்றுகொண்டிருக்கும். கண் மங்கல், மூக்கு கூர்மை. காற்று எதிரே வந்து உங்கள் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தால் இருபது கஜம் வரைகூட நெருங்கலாம். நெருங்கி எய்யும் பாடத்தை இதைவிடப் பொறுமையாகச் சொல்லித்தரும் வாத்தியார் இல்லை. முதுகின் பின்பக்கத்தில் நாற்றச் சுரப்பி இருக்கிறது. தோலோடு சேர்ந்து வந்துவிடும், அதைத் தொட்ட கையால் இறைச்சியைத் தொடாதீர்கள். மிளகு தூக்கலாகப் போட்டுச் சுக்கா பண்ணினால் யாரும் எதுவும் கேட்காமல் சாப்பிடுவார்கள்.

டேங்க் என்றால் குட்டை

வரைபடத்தில் ஏதாவதொரு பெயர் போட்டு 'டேங்க்' என்று இருக்கும். முதல் முறை இரும்புத் தொட்டியைத் தேடி நான் ஒரு மணி நேரம் அலைந்தேன். மண்கரை கட்டி மாட்டுக்காக மழைநீர் தேக்கிய குட்டைதான் அது. தி.நகர் இருக்கும் இடத்தில் கிடந்த ஏரிக்கு வெள்ளைக்காரர்கள் 'லாங் டேங்க்' என்று பெயர் வைத்தார்களே, அதே டேங்க். நமக்கு இது முதலிலேயே பிடிபட்டிருக்க வேண்டும்.

ஆகஸ்டில் மறைவுக் கூடாரம் போட்டுக் குட்டையருகே காத்திருப்பது பழைய முறை. ஆனால் ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் இறுதிவரை மழைக்காலம். மழை பொய்த்த வருஷம் குட்டை வேலை செய்யும். நாலு நல்ல மழை பெய்துவிட்டால் பாறைக் குழியெல்லாம் தண்ணீர், மானுக்கு உங்கள் குட்டை தேவையில்லை. விலங்கும் மாடும் தண்ணீருக்கு வரமுடியாதபடி கால் மைலுக்குள் கூடாரமடித்துத் தங்குவது குற்றம். எய்ய உட்காருங்கள், தூங்க வேறெங்காவது போங்கள்.

உங்கள் தண்ணீர்க் கணக்கு வேறு. சூட்டில் ஆளுக்கு நாளைக்கு நாலு லிட்டருக்குக் குறையாமல். பாதி தீர்ந்ததும் திரும்பிவிடுங்கள், மான் கண்ணில் பட்டாலும்.

இறைச்சி

ஒஹையோவில் நவம்பரில் மானை ராத்திரி முழுக்கத் தொங்கவிடலாம். இங்கே ஆகஸ்டில் எய்தால் கடிகாரம் அம்போடு சேர்ந்து கிளம்புகிறது. வயிற்றைத் திறக்காமலே தோலை உரித்து, கால்களையும் முதுகுச் சதையையும் தனித்தனியாக எடுத்துத் துணிப்பையில் போட்டு நிழலில் காற்றாட விடுங்கள். தொடையில் எலும்பைச் சுற்றித்தான் சூடு அடங்காமல் நிற்கும், முதலில் கெடுவதும் அங்கேதான். காரில் பெரிய ஐஸ் பெட்டி, அதில் உறையவைத்த தண்ணீர் பாட்டில்கள். உதிரி ஐஸ் உருகி இறைச்சி ஊறிப்போகும். பாட்டில் உருகினால் குடிக்கலாம். ஆண் மான் என்று காட்டும் அத்தாட்சியை இறைச்சியோடு விட்டுவைக்க வேண்டும், டேக்கை அப்போதே நிரப்பவேண்டும்.

தனியாக இரண்டு மணி நேரத்தில் காருக்குக் கொண்டுவர முடியாத தூரத்தில் நிற்கும் மானை ஆகஸ்டில் நான் எய்வதில்லை.

முள், பாம்பு, புழுதி

அரிசோனாவில் 13 வகை கிலுகிலுப்பைப் பாம்பு. பயப்படுவதைவிடக் கையை வைக்கும் இடத்தைப் பாருங்கள். பாறை ஏறும்போது தலைக்கு மேல் விளிம்பில் குருட்டுத்தனமாகக் கை போடாதீர்கள். கடித்தால் கீறுவது, உறிஞ்சுவது, கட்டுப்போடுவது எதுவும் வேண்டாம், ஆஸ்பத்திரிதான். சோய்யா கள்ளி ஒட்டிக்கொண்டால் கையால் எடுக்கப் போகாதீர்கள், அந்தக் கையும் மாட்டிக்கொள்ளும். அகலப் பல் சீப்பை அடியில் கொடுத்து, ஆளில்லாத பக்கம் சுண்டிவிடுங்கள். மிச்ச முள்ளுக்கு ஒரு குறடு. என் பையில் அம்புக்கு அடுத்து இந்த இரண்டும்தான் இருக்கும். மலையில் மழை தெரிந்தால், தலைக்கு மேல் வானம் நீலமாக இருந்தாலும் மணல் ஓடையில் காரை இறக்காதீர்கள்.

கடைசியாக, கண்ணுக்குத் தெரியாதது ஒன்று. இந்த மண்ணில் ஒரு பூஞ்சை வாழ்கிறது. புழுதியோடு மூச்சில் போனால் வேலி ஃபீவர் (Valley fever), அதாவது பள்ளத்தாக்குக் காய்ச்சல். அமெரிக்காவில் பதிவாகும் நோயாளிகளில் பெரும் பங்கு அரிசோனாவில்தான். ஒன்று முதல் மூன்று வாரத்தில் காய்ச்சல், இருமல், விடாத அசதி என்று வரும். ஃப்ளூ மாதிரியே இருப்பதால் டாக்டரும் அப்படியே நினைத்து மாத்திரை எழுதுவார். சர்க்கரை நோய் இருப்பவர்களும், நோய் எதிர்ப்பு குறைந்தவர்களும் இன்னும் கவனமாக இருக்கவேண்டும். இருமல் இரண்டு வாரம் தாண்டினால் போய், "நான் மலையில் புழுதியில் படுத்து ஊர்கிற ஆள், வேலி ஃபீவருக்கு ரத்தம் பாருங்கள்" என்று நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள்.